மற்றொன்று விரித்தல்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



 அவையில் அமர்ந்துள்ள பெருமக்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விளித்து, அவரவர் சிறப்பை எடுத்துரைத்து, அதன்பின் பொருளுக்கு வருவதே மேடை மரபு. அம்மரபை இன்று சற்றே சுருக்கிக்கொள்ள உங்கள் இசைவை வேண்டுகிறேன். 'எழுத்திலும் பேச்சிலும் எடுத்த பொருளை விட்டு விலகாமை' என்பது செயலாளர் எனக்கு அளித்த தலைப்பு. அளித்த நேரமோ அரைமணி. விலகாமையைப் பற்றிப் பேச வந்தவன் வாயிலிலேயே விலகி நின்றால் நீங்கள் நகைப்பீர்கள் அல்லவா?

உங்களிற் பலர் அறிந்த கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மாணவன் ஒருவன் தேர்வுக்காகப் பசுவைப் பற்றிய கட்டுரையை மனப்பாடம் செய்துகொண்டு சென்றான். வினாத்தாளிலோ தென்னை மரத்தைப் பற்றி எழுதுமாறு கேட்டிருந்தது. பையன் கலங்கவில்லை. "தென்னை மரம் உயரமானது. அதில் தேங்காய் காய்க்கும். அம்மரத்தில் பசுவைக் கட்டலாம்" என்று எழுதினான். பிறகு என்ன குறை? "பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள்" என்று தொடங்கிப் பக்கங்களை நிரப்பிவிட்டான்.

இளமையில் இக்கதையைக் கேட்டு நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். வயது முதிர்ந்தபின் எனக்கு அத்தனை சிரிப்பு வருவதில்லை. ஏனெனில், நம்மில் ஆளுக்கொரு பசு உண்டு. யார் எந்த மரத்தைக் காட்டினாலும் நாம் கயிற்றோடு ஓடுகிறோம். மாணவன் இழந்தவை சில மதிப்பெண்கள். வளர்ந்தவர்கள் அவ்வாறு செய்யும்போது இழப்பு அவ்வளவில் நிற்பதில்லை. ஒரு வேளை அது ஒரு குடும்பத்தின் சோறாக இருக்கலாம். மற்றொரு வேளை பிள்ளைகளின் கல்வியாக இருக்கலாம். இவ்விரண்டையும் நான் நேரில் கண்டேன். இரண்டிலும் என் பிழையும் கலந்திருந்தது. அவற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முன்னோர் இட்ட பெயர்

எடுத்த பொருளை விட்டு விலகும் இக்குறைக்கு நம் முன்னோர் தனிப்பெயரே இட்டிருக்கின்றனர். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பவணந்தி முனிவர், தம் நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்தார். வேண்டிய அளவுக்குமேல் விரித்தல் ஒரு குற்றம். சொன்னதையே திரும்பச் சொல்லுதல் ஒரு குற்றம். அவ்வரிசையில் வருவதே 'மற்றொன்று விரித்தல்' என்பது. ஒன்றைச் சொல்லத் தொடங்கி, இடையிலே அதனோடு இயைபில்லாத வேறொன்றைப் பரக்கப் பேசுவது அதன் பொருள். தென்னையில் பசுவைக் கட்டியவன் செய்தது இதுவே.

குற்றத்தைச் சுட்டியதோடு முனிவர் நின்றுவிடவில்லை. அதற்குரிய காப்பையும் அதே பாயிரத்தில் வைத்தார். ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் உணர்த்தவேண்டிய செய்திகள் எட்டு என்பது அவர் வகுத்த இலக்கணம். நூலைச் செய்தவர் யார், அதன் பெயர் என்ன, அதனைக் கேட்பவர் யார், அதனால் விளையும் பயன் என்ன என்பனவற்றோடு, 'நுதலிய பொருள்' என்ன என்பதும் அங்கே சொல்லப்படவேண்டும். நுதலிய பொருள் என்றால் எடுத்துக்கொண்ட செய்தி. முதலிலேயே அதனைக் கூறிவிட்டால், பின்னர் விலகும்போது கற்பவனும் கண்டுகொள்வான். எழுதுபவனுக்கும் அஃது ஒரு வேலியாக நிற்கும்.

திருக்குறளின் அமைப்பைப் பாருங்கள். அதிகாரங்கள் 133, ஒவ்வொன்றிலும் குறள்கள் 10. அதிகாரத்தின் தலையில் பொருளின் பெயர் நிற்கிறது. உரை வகுத்த பரிமேலழகர், அந்தப் பொருள் ஏன் அந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பதையும் ஒவ்வோர் அதிகாரத்தின் தொடக்கத்திலும் விளக்கிச் செல்கிறார். 'பயனில சொல்லாமை' 20-ஆம் அதிகாரம். அங்கே அவர் காட்டும் இயைபு நம் தலைப்புக்கு மிகவும் நெருங்கியது. சொல்லினால் வரும் தீமைகள் நான்கு: பொய், கோள், கடுஞ்சொல், பயனில்லாத சொல். இவற்றுள் பொய்யை முழுவதும் நீக்குதல் துறந்தார்க்கே இயலும். எஞ்சிய மூன்றனுள், இனியவை கூறல் என்ற அதிகாரத்தால் கடுஞ்சொல்லும், புறங்கூறாமை என்ற அதிகாரத்தால் கோளும் விலக்கப்பட்டன. மிச்சமாய் நின்ற பயனில் சொல் இங்கே விலக்கப்படுகிறது என்பது அவர் தரும் விளக்கத்தின் கருத்து.

பயனற்ற சொல்லைக் கடுஞ்சொல்லோடும் கோளோடும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார்களே, இது மிகையல்லவா என்று நான் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. கடுஞ்சொல் ஒருவரைச் சுடும். கோள் இருவரைப் பிரிக்கும். வீண்சொல் யாரை என்ன செய்துவிடும்? இவ்வையத்தைத் தீர்த்துவைத்தது நான் எழுதிய ஒரு விண்ணப்பம்.

நான்கு பக்க விண்ணப்பம்

பல ஆண்டுகளுக்கு முன், நம் காலனியில் வாழ்ந்த தமிழன்பர் ஒருவர் பணியில் இருக்கும்போதே காலமானார். அவர்தம் துணைவியாருக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவேண்டும். நாட்கள் நகர்ந்தன, பணம் வரவில்லை. மாறாக, அலுவலகத்திலிருந்து ஒரு மடல் வந்தது. பணிப்பதிவேட்டில் அவ்வம்மையாரின் பெயருக்குமுன் தந்தையின் பெயர் முதலெழுத்தாக நிற்கிறது. வங்கிக் கணக்கிலோ கணவர் பெயர் பின்னே சேர்ந்து நிற்கிறது. இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று தருக என்பதே மடலின் செய்தி.

குடும்பப் பெயர் இல்லாத நமக்கு, வடபுலத்துப் படிவங்களை நிரப்பும்போது நேரும் இடர்ப்பாடு இது. பள்ளியில் தந்தையின் முதலெழுத்து. மணமானபின் கணவரின் முதலெழுத்து. வங்கியில் யாரோ ஓர் எழுத்தர் விரித்து எழுதிய முழுப்பெயர். ஒரே பெண்மணி மூன்று தாள்களில் மூவராகிவிடுகிறார்.

அம்மையார் அம்மடலை என்னிடம் கொண்டுவந்து தந்து, "அண்ணா, இதற்கு ஒரு பதில் எழுதித் தாருங்கள்" என்றார். எழுத்தில் எனக்குச் சிறிது பெயர் உண்டு என்ற எண்ணம் அவருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. இரவெல்லாம் அமர்ந்து நான்கு பக்கம் எழுதினேன். மறைந்தவர் எத்துணை நேர்மையாளர், எத்தனை ஆண்டுகள் வேனிலும் குளிரும் பாராமல் உழைத்தார், இறுதிநாளில் எவ்வாறு துன்புற்றார், இரண்டு குழந்தைகளோடு அவ்வம்மையார் எவ்வாறு தவிக்கிறார், அரசின் கடமை யாது என்பனவற்றையெல்லாம் உருக்கமாக விரித்தேன். பெயர்பற்றிய விடை மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே வரியில் இருந்தது. அதற்கு இணைக்கவேண்டிய சான்றைப் பற்றி நான் நினைக்கவேயில்லை. படித்துக் காட்டியபோது அம்மையார் அழுதார். என் எழுத்தின் வெற்றி என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

ஏழு வாரங்கள் சென்றன. அலுவலகத்திலிருந்து மறுபடியும் மடல் வந்தது. முதல் மடலின் அதே வினா, அதே சொற்களில் இருந்தது. அந்த ஏழு வாரங்களுக்குள் அம்மையாரின் கைவளையல் ஒன்று பள்ளிக் கட்டணத்துக்காக அடகுக்கடைக்குப் போயிருந்தது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பின்னர் என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

அடுத்த தெருவில், தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். வெட்கத்தோடு அவரிடம் சென்று, இரு மடல்களையும் என் விண்ணப்பத்தின் படியையும் கொடுத்தேன். நான்கு பக்கங்களையும் பொறுமையாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "தம்பி, நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டது ஒரு வினா. இதில் அதற்கு விடை எங்கே இருக்கிறது?" என்றார். மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். அவர் சிரித்தார். "அந்த மேசையில் இருப்பவன் கொடியவன் அல்லன். ஒரு நாளைக்கு நூறு தாள்களைப் பார்ப்பவன். அவனுக்கு வேண்டிய வரியை அவன் தேடும்படி விடலாமா?" என்று கேட்டார்.

பிறகு ஒரு தாளை எடுத்தார். 'பொருள்' என்று எழுதி, அதன் எதிரே விண்ணப்பத்தின் செய்தியை ஒரே வரியில் எழுதினார். 'பார்வை' என்று எழுதி, அலுவலக மடலின் எண்ணையும் நாளையும் குறித்தார். இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்பதை ஒரு தொடரிலும், பெயர் மாறியதற்குக் காரணம் திருமணம் என்பதை ஒரு தொடரிலும் சொன்னார். உறுதிமொழிப் பத்திரமும் திருமணப் பதிவின் படியும் இணைக்கப்பட்டுள்ளன என்பது மூன்றாம் தொடர். ஆவன செய்யுமாறு வேண்டியது நான்காம் தொடர். எல்லாம் சேர்ந்து ஏழெட்டு வரிகளே. அடுத்த மாதம் ஓய்வூதிய ஆணை வந்துசேர்ந்தது.

அன்பர்களே! அன்று நான் கற்றது பெரிது. நான் எழுதிய நான்கு பக்கமும் மெய். மறைந்தவர் நேர்மையாளர் என்பது மெய். குழந்தைகள் தவித்தனர் என்பதும் மெய். ஆயினும் வினாவுக்கு இயைபில்லாத மெய் அவ்விடத்தில் உதவவில்லை. உதவவேண்டிய ஒரு வரியையும் அது மூடி மறைத்துவிட்டது. மற்றொன்று விரித்தலின் தீமை இதில்தான் இருக்கிறது. பொய்யைக் கண்டால் நாம் விலக்குகிறோம். இயைபில்லாத மெய்யைக் கண்டால் அணைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றும் உணர்ந்தேன். அம்மையாருக்காக எழுதுகிறேன் என்று எண்ணிக்கொண்டு, நான் என் நடையழகுக்காகவே எழுதியிருந்தேன். பொருளை விட்டு விலகுபவன் பெரும்பாலும் தன்னை நோக்கியே விலகுகிறான். அலுவலக மடலின் தலையில் நிற்கும் 'பொருள்' என்ற சொல்லைக் காணும்போதெல்லாம், அது பவணந்தியார் சொன்ன நுதலிய பொருளே அன்றோ என்று இப்பொழுது நினைத்துக்கொள்கிறேன்.

மன்றங்களின் முறை

இந்த உண்மையை அறிந்தே, நீதி வழங்கும் மன்றங்களும் சட்டம் இயற்றும் மன்றங்களும் தமக்கு வேலி கோலிக்கொண்டன.

1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் ஒரு தெளிவான எல்லையை வகுத்தது. வழக்கில் முடிவு செய்யவேண்டிய செய்திக்கும், அதனோடு தொடர்புடையவை என்று சட்டம் ஏற்றுக்கொண்ட செய்திகளுக்கும் சான்று காட்டலாம். மற்றவற்றுக்குக் காட்டலாகாது என்பது அவ்வெல்லை. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி, அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறியதே ஒழிய, தொடர்புடையதையே மன்றம் கேட்கும் என்ற அடிப்படை மாறவில்லை. பழைய சட்டத்தில் மற்றோர் அழகும் இருந்தது. உண்மையைக் கண்டறியும் பொருட்டு, தொடர்புள்ளது தொடர்பில்லாதது என்று பாராமல் எதனைப் பற்றியும் வினவும் உரிமை நீதிபதிக்கு உண்டு. ஆனால் தீர்ப்பு மட்டும் தொடர்புள்ள செய்திகளின்மேல்தான் நிற்கவேண்டும். தேடும்போது எங்கும் செல்லலாம், முடிவு கூறும்போது பொருளில் நிற்கவேண்டும் என்பது எழுதுவார்க்கும் ஏற்ற நெறி. எழுதுமுன் நூறு செய்திகளைத் தேடுங்கள். எழுதும்போது அவற்றுள் தொண்ணூறை விட்டுவிடும் துணிவும் வேண்டும்.

நம் மக்களவையின் நடைமுறை விதிகளில் 356-ஆம் விதி இதைப் பற்றியதே. ஓர் உறுப்பினர் பொருளுக்குத் தொடர்பில்லாமலோ, சலிப்பூட்டும்படி கூறியது கூறியோ பேசிக்கொண்டே போனால், அவைத்தலைவர் அதனை அவையின் கவனத்துக்குக் கொண்டுவந்தபின், பேச்சை நிறுத்துமாறு அவருக்குக் கட்டளையிடலாம்.

இவ்வாறு வரம்பு கட்டினால் கருத்துரிமை குன்றிவிடாதா என்று சிலர் ஐயுறலாம். அரசியலமைப்பு நிருணய சபையின் வரலாறு அதற்கு விடை கூறும். 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அச்சபை முதன்முதலாகக் கூடியது. 1949-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. வரைவுக்கு வந்த திருத்தங்கள் ஏறத்தாழ 7,635 என்றும், அவற்றுள் சபையில் முன்மொழியப்பட்டவை 2,473 என்றும் டாக்டர் அம்பேத்கர் சபையிலேயே கணக்குக் காட்டினார். இத்தனை மாறுபாடுகளையும் கேட்டு மூன்றாண்டுகளுக்குள் ஒரு முடிவுக்கு வர எவ்வாறு இயன்றது? அவர்கள் விதி விதியாக எடுத்துக்கொண்டு பேசினார்கள். ஒவ்வொரு திருத்தமும் ஏதேனும் ஒரு விதியின்மேல் நின்றது. வரம்பு இருந்ததனாலேயே இத்தனை பேருடைய கருத்துக்கும் இடம் கிடைத்தது. வரம்பில்லாத அவையிலே குரல் மிக்கவர் பேசுவார்; மற்றவர் வாளா இருப்பார்.

நம் நாட்டுப் பழைய தருக்க நூலாரும் இதில் கண்டிப்பாக இருந்தனர். கௌதமரின் நியாய சூத்திரம், வாதத்தில் ஒருவன் தோற்றான் என்று முடிவு செய்தற்குரிய இடங்கள் 22 என்று எண்ணிக் காட்டுகிறது. அவற்றுள் ஒன்று 'அர்த்தாந்தரம்'. வேறு பொருளுக்குத் தாவுதல் என்பது அதன் கருத்து. தாவிச் சென்று அவன் கூறியது மெய்யாகவே இருக்கட்டும். தாவியதனாலேயே அவன் தோற்றான்.

சனிக்கிழமை வகுப்பு

மன்றங்களைப் பற்றிக் கூறியது, நம் மன்றத்தைப் பற்றிச் சொல்வதற்காகவே. சில ஆண்டுகளுக்கு முன், சனிக்கிழமை மாலைகளில் சமுதாயக் கூடத்தின் சிறிய அறையில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடந்துவந்ததைப் பலரும் அறிவீர்கள். அந்த அறை அடுத்த ஆண்டும் வேண்டுமா, வேண்டுமெனில் பொறுப்பேற்பவர் யார் என்று கூடத்தின் பொறுப்பாளர்கள் எழுதிக் கேட்டார்கள். மாத இறுதிக்குள் மறுமொழி வேண்டும் என்றார்கள். பொதுக்குழு கூடியது. அன்றைய பொருள் அஃது ஒன்றே.

நான்கு மணிக்குத் தொடங்கினோம். முதலில் எழுந்தவர், வகுப்பைப் பற்றிப் பேசுமுன் ஒரு செய்தி என்று தொடங்கி, முந்திய பொங்கல் விழாவுக்கு வாங்கிய பித்தளைப் பாத்திரங்கள் எங்கே என்று கேட்டார். விழாக்குழுவில் இருந்தவர் எழுந்து விடை கூறினார். விடையில் ஒரு சொல் தடித்துவிட்டது. அத்தடித்த சொல்லைப் பற்றி இருவர் பேசினர். அழைப்பிதழில் பிறமொழிச் சொற்கள் மிகுந்துவிட்டன என்று ஒருவர் வருந்தினார். அவருக்கு மறுமொழியாகத் தமிழின் தூய்மையைப் பற்றி நான் இருபது நிமிடம் பேசினேன். கைதட்டலும் பெற்றேன். ஏழு மணிக்குக் கூடத்தின் காவலர் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். வகுப்பைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று கலைந்தோம். அடுத்த கூட்டத்துக்குள் மாதம் முடிந்துவிட்டது. அறை வேறு குழுவினருக்குப் போயிற்று.

சில வாரங்கள் கழித்து, மாடிப்படியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் என்னை நிறுத்தினான். "மாமா, தமிழ் வகுப்பு மறுபடியும் எப்போது? நாங்கள் ககர வரிசையோடு நிற்கிறோம்" என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டான். தமிழின் தூய்மையைப் பற்றி இருபது நிமிடம் முழங்கிய எனக்கு, அவனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அன்று நான் கட்டிய பசு தமிழ்ப்பசுதான்; ஆனால் கட்டிய மரம் சாய்ந்துவிட்டது. அதன்பின் ஓராண்டுக்கு மேல் வகுப்பு இல்லை. இப்பொழுது ஓர் அன்பரின் வீட்டுத் தாழ்வாரத்தில் அது நடக்கிறது. மழை வந்தால் அன்று விடுமுறை.

ஏன் விலகுகிறோம்?

இதைச் சொல்லி யாரையும் குறைகூற நான் வரவில்லை. நாம் ஏன் இவ்வாறு விலகுகிறோம் என்பதைப் பரிவோடு எண்ணிப்பார்க்க வேண்டும். பிறந்த மண்ணிலிருந்து ஆயிரம் கல்லுக்கு அப்பால் வாழ்கிறோம். பகலெல்லாம் அலுவலகத்தில் வேற்றுமொழியில் அளந்து அளந்து பேசுகிறோம். மாதம் ஒருமுறை இங்கே கூடும்போது நாற்புறமும் தமிழ் ஒலிக்கிறது. அடைபட்ட மடை திறந்தாற்போல நாவு ஓடுகிறது. ஊர் நினைவு வருகிறது. பழைய விழா நினைவு வருகிறது. பழைய மனத்தாங்கலும் வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் மனத்தில் இடம் உண்டு. அப்பேச்சுக்கென்று நம் ஊர்களில் திண்ணை இருந்தது. திண்ணைப் பேச்சுக்குத் தலைப்பில்லை, முடிவும் வேண்டுவதில்லை. அதன் இன்பமே அதுதான்.

இங்கே நமக்குத் திண்ணை இல்லை. ஆகவே, அவையையே திண்ணையாக்கிவிடுகிறோம். திண்ணையை ஒழிக்கவேண்டும் என்று நான் கூறமாட்டேன். கூட்டத்துக்கு முன்னே அரைமணி நேரம் காப்பியோடு கூடுவோம். பின்னே வேண்டுமளவு அளவளாவுவோம். இடையிலே உள்ள ஒரு மணி நேரம் மட்டும் அவையாக இருக்கட்டும்.

மற்றொரு தடையும் எழலாம். "உவமை கூறலாகாதா? கதை சொல்லலாகாதா? பாரதத்தில் எத்தனை கிளைக்கதைகள்!" என்று இளைஞர்கள் கேட்பார்கள். கூறலாம். கிளைக்கதை வேறு, மற்றொன்று விரித்தல் வேறு. கிணற்றுக்குச் செல்பவள் வழியை விட்டு விலகித்தான் செல்கிறாள். ஆனால் குடத்தில் நீரோடு திரும்புகிறாள். உவமையும் கதையும் புறத்தே சென்று, எடுத்த பொருளுக்கு விளக்கம் கொண்டு திரும்புமானால் குற்றமில்லை. வெறுங்குடத்தோடு திரும்பினாலும், திரும்பாமலே போனாலும் குற்றம். நான் சொன்ன பசுக் கதைக்கும் அந்த அளவுகோலையே வைத்துப் பாருங்கள்.

கைக்கொள்ளத்தக்கவை

முடிவாக, நடைமுறைக்கு உதவும் சிலவற்றைக் கூறி அமைகிறேன்.

எழுத அமருமுன், எழுதப்போகும் பொருளை ஒரே தொடரில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையானால், பொருள் இன்னும் நம் மனத்திலேயே தெளிவுபடவில்லை என்று அறியலாம். எழுதி முடித்தபின், ஒவ்வொரு பத்தியையும் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். மறைத்ததனால் பொருள் குன்றினால் அப்பத்தி இருக்கட்டும். குன்றவில்லையானால், அஃது எத்துணை அழகாயினும் நீக்கிவிடுங்கள். அழகாயிருப்பதை நீக்குவதுதான் கடினம். அதனாலேயே அது தேவை.

மடலுக்கு மறுமொழி எழுதும்போது, கேட்ட வினாவுக்குரிய விடையை முதலில் வையுங்கள். நன்றியும் வருத்தமும் வேண்டுகோளும் அதன்பின் வரலாம்.

அவையில், அன்றைய பொருளைத் தலைவர் தொடக்கத்திலேயே உரக்கப் படிக்கட்டும். எவரேனும் விலகினால், "ஐயா, இஃது இன்றைய பொருளோடு எவ்வாறு இயையும்?" என்று பணிவோடு வினவட்டும். இயைபு இருந்தால் பேசுபவரே எடுத்துக்காட்டுவார். இல்லையெனில் அவரே உணர்ந்துகொள்வார். வினவப்பட்டவர் அதனை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. விலகிவந்த செய்தி வீணான செய்தி என்று நாம் கூறவில்லை. பித்தளைப் பாத்திரங்களின் கணக்கும் வேண்டிய கணக்குத்தான். செயலாளரிடம் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். அத்தகைய செய்திகள் அதில் ஏறட்டும். அவற்றுக்கும் ஒரு நாள் குறிக்கப்படட்டும். தன் செய்திக்கும் ஒரு நாள் உண்டு என்று உறுதி பெற்றவர் அமைதியாக அமர்வார். அவ்வுறுதி இல்லாதபோதுதான் கிடைத்த மரத்தில் பசுவைக் கட்டுகிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேசுமுன் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். இந்த முடிவுக்காகக் காத்திருப்பவர் யார்? அன்று ஒரு தாய் காத்திருந்தார். பிறகு ஒரு சிறுவன் காத்திருந்தான். அவர்கள் அவையில் இல்லை. நம் சொல்வன்மையைக் கேட்டுக் கைதட்டவும் இல்லை. ஆனால் நம் சொல்லின் பயன் அவர்களுக்கே உரியது. பொருளில் நிற்றல் வெறும் இலக்கணம் அன்று. காத்திருப்பவர்க்கு நாம் செய்யும் அறம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நம் பொதுக்குழு கூடுகிறது. பொருள் ஒன்றே: தமிழ் வகுப்புக்கு நிலையான இடம். தூய தமிழைப் பற்றி என்னிடம் இன்னும் இருபது நிமிடச் சொற்பொழிவு மிச்சம் இருக்கிறது. அதனை வீட்டிலேயே கட்டிவைத்துவிட்டு வருவேன் என்று உங்கள்முன் உறுதி கூறுகிறேன். நீங்களும் அவரவர் பசுவை அவரவர் வீட்டிலேயே விட்டுவர வேண்டுகிறேன். ககர வரிசையோடு நின்ற பிள்ளைகள் அடுத்த வரிசைக்குச் செல்லட்டும்.